எதுல போட்டிருக்கு? தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஆதாரத்தோடு தகவல் கட்டுரை எழுத: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் பத்துப் பதினைந்து பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. நான் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டியூஷன் என்று சொல்ல மாட்டேன், படிப்போம், எழுதுவோம், அவ்வளவுதான். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்களும், புதுச்சேரியில் இருக்கும் என் தங்கையின் அக்கம்பக்கத்தாரும் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். ஒரே கேள்விக்குப் பத்துப் பேரிடம் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனது ஒரு காரணம்.

தகவல் கட்டுரை என்றால் என்ன? நாங்கள் சின்ன வயதில் எழுதிய கட்டுரைதானே?

பெயர் அதுதான், வேலை வேறு. மாட்டைப் பற்றி மனப்பாடம் செய்துகொண்டு பரீட்சைக்குப் போன பையனுக்குத் தென்னை மரம் வந்துவிட்ட கதை உங்களுக்குத் தெரியும். தென்னையைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு, “தென்னை மரத்தில் மாட்டைக் கட்டுவார்கள். மாட்டுக்கு நான்கு கால்கள் உண்டு” என்று தொடர்ந்தானாம். சிரிக்கிறோம். ஆனால் அந்தப் பையனிடம் தவறு இல்லை. அவனிடம் தென்னையைப் பற்றிப் படிக்க யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

தகவல் கட்டுரையில் முதலில் படிக்க ஒன்று கொடுக்கிறோம். ஒரு பத்தி, ஒரு பக்கம், ஒரு படமும் அதன் அடியில் நாலு வரியும். அதைப் படித்து, அதில் உள்ளதைக் கொண்டு, படிக்காத ஒருவருக்குப் புரியும்படி எழுத வேண்டும். கதை கட்டுவதும் இல்லை, ‘மது ஒழிப்பு’ மாதிரி கருத்து சொல்வதும் இல்லை. எழுதும் ஒவ்வொரு முக்கியமான வரியும் எங்கிருந்து வந்தது என்று பிள்ளையால் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

‘ஆதாரம்’ என்றால் என்னவென்று எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

நான் முதன்முதலில் சொன்னபோது மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், “ஆதாரம்னா ஆதார் கார்டா டீச்சர்?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று. “ஆமாண்டா, உன் வாக்கியத்துக்கு ஆதார் கார்டு எங்கே, காட்டு” என்றேன். அன்றிலிருந்து திண்ணையில் அதுதான் பேச்சு.

அதைவிட நல்ல வழி ஒன்று நம் மொழியிலேயே இருக்கிறது. பிள்ளைகள் பேசுவதைக் கவனியுங்கள். தானே பார்த்ததை “மழை பெய்யுது” என்கிறார்கள். யாரோ சொல்லிக் கேட்டதை “நாளைக்கு லீவாம்” என்கிறார்கள். அந்த ‘ஆம்’ இருக்கிறதே, அது போதும். இது என் சரக்கு இல்லை, இன்னொருவரிடம் கேட்டது என்று நாலு வயதிலேயே பிரித்துச் சொல்லத் தெரிந்துவிடுகிறது. “லீவாம்” என்றதும் பக்கத்தில் இருப்பவன் என்ன கேட்கிறான்? “யார்றா சொன்னா?” இந்த இரண்டையும் தாளில் இறக்கினால் அதுதான் ஆதாரம். ‘ஆம்’ என்பது எழுத்தில் ‘என்று பத்தி கூறுகிறது’ ஆகிறது. “யார் சொன்னா?” என்பது “எதுல போட்டிருக்கு?” ஆகிறது.

ஆகவே பிள்ளைக்குப் புதிதாக ஒன்றும் ஊட்டத் தேவையில்லை. வாயில் இருக்கும் பழக்கத்தைக் கைக்குக் கொண்டுவருவதுதான் வேலை.

எந்த வகுப்பில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

ஒன்று, இரண்டாம் வகுப்பில் எழுதவே வேண்டாம். “அணில் என்ன சாப்பிடுதுன்னு இதுல போட்டிருக்கு? விரல் வை” என்றால் போதும். மூன்றாம் வகுப்பில் ஒரு பதில், ஒரு ஆதாரம். நான்காம் வகுப்பில் ஒரு முழுப் பத்தி. ஐந்தாம் வகுப்பில் இரண்டு மூன்று பத்திகள், நடுவில் ஓரிடத்தில் சொல் மாறாத மேற்கோள்.

அமெரிக்காவில் 2010-இல் வெளியிட்ட பொதுப் பாடத்தரங்களிலும் வரிசை ஏறத்தாழ இப்படித்தான். மூன்றாம் வகுப்பில் பாடத்தைச் சுட்டிக்காட்டிப் பதில் சொல்வது, நான்கில் பாடத்திலிருந்து விவரமும் உதாரணமும் எடுப்பது, ஐந்தில் பிழையில்லாமல் மேற்கோள் காட்டுவது. இணையத்தில் கிடைக்கும் ஆங்கில ஒர்க்‌ஷீட்டுகள் பெரும்பாலும் அதை வைத்துத்தான் செய்தவை. நம் பிள்ளைகளுக்கும் வயது அதேதான், எனவே பெரிய முரண்பாடு இல்லை.

ஒரு கட்டுரையை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை எப்படி எழுத வைப்பது? உதாரணம் காட்டுங்கள்.

போன வருடம் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியதைக் காட்டுகிறேன். இது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் நான் ஒரு பத்தி எழுதி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எண் போட்டுக் கொடுத்தேன். எண் போடுவதுதான் இதில் பாதி வேலை.

1. பிச்சாவரம் அலையாத்திக் காடு கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்துக்கு அருகே இருக்கிறது.
2. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகத்தில், சுமார் 1,100 எக்டேர் பரப்பில் அது விரிந்திருக்கிறது.
3. அங்குள்ள சேற்றில் காற்று மிகக் குறைவு.
4. அதனால் வெண்கண்டல் மரம், சேற்றுக்கு மேலே ஆணி போல நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களால் மூச்சு விடுகிறது.
5. சுரபுன்னை மரத்தின் வேர்கள் தண்டிலிருந்து வளைந்து இறங்கிச் சேற்றில் ஊன்றி நிற்கின்றன.
6. இந்த வேர்களுக்கு இடையில் மீன் குஞ்சுகளும் இறாலும் நண்டும் வளர்கின்றன.
7. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைவாக இருந்தது.
8. 2022-இல் பிச்சாவரம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

கேள்வி இது: அலையாத்திக் காட்டு மரங்களின் வேர்கள் எப்படி உதவுகின்றன?

அவள் முதலில் எழுதிக் கொடுத்தது:

“பிச்சாவரம் மிகவும் அழகான இடம். அங்கு படகு சவாரி உண்டு. நாங்கள் சித்தப்பாவுடன் போனோம். வேர்கள் சுனாமியைத் தடுத்தன. காடு நமக்கு நன்மை தருகிறது. எனவே மரம் வளர்ப்போம்.”

இதில் நான் ஒரு எழுத்துகூடத் திருத்தவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அது எந்த எண்ணிலிருந்து வந்தது என்று போடச் சொன்னேன். முதல் வரிக்கு எண் கிடைக்கவில்லை. அழகு என்பது அவள் எண்ணம், சரி. படகு சவாரி உண்மைதான், போயும் வந்திருக்கிறாள், ஆனால் கேட்டது வேரைப் பற்றி. அதை அவளே அடித்துவிட்டாள், கொஞ்சம் வருத்தத்தோடு.

நாலாவது வரிக்கு 7 என்று பெருமையாகப் போட்டாள். “ஏழாவதை வாய்விட்டுப் படி” என்றேன். படித்தாள். “தடுத்ததுன்னு இருக்கா?” இல்லை. “சேதம் குறைவாக இருந்தது”னு இருக்கு. “வேர்னு இருக்கா?” அதுவும் இல்லை. காடு என்றுதான் இருக்கிறது. அவள் விடவில்லை. “காடு இருந்துச்சு, சேதம் கம்மியா இருந்துச்சு. அப்ப வேருதானே டீச்சர் அலையப் புடிச்சிருக்கும்?” அருமையான கேள்வி. அது அவளாக யோசித்தது. யோசித்ததை எழுதலாம், யோசித்தது என்று சொல்லி எழுத வேண்டும். பத்தி சொன்ன வரி ஒன்று, அதற்கடுத்து ‘என்று நினைக்கிறேன்’ வரி ஒன்று. இரண்டையும் கலந்து ‘தடுத்தன’ என்று ஒரே அடியாக அடித்தால், பத்தி சொல்லாததைப் பத்தியின் தலையில் கட்டியதாகிவிடும்.

தடுத்தது, குறைந்தது என்ற இரண்டு சொல்லுக்காக இவ்வளவு நேரமா என்று கேட்காதீர்கள். அன்று நம் கடலூர்க் கரையில் பல நூறு பேர் போய்விட்டார்கள். தேவனாம்பட்டினத்துப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ‘சுனாமியைத் தடுத்தன’ என்று எழுத முடியுமா?

இரண்டு நாள் கழித்து அவள் எழுதியது:

“அலையாத்திக் காட்டில் வேர்கள் மரத்துக்கும் உதவுகின்றன, மீனுக்கும் உதவுகின்றன. சேற்றில் காற்று மிகக் குறைவு என்று பத்தி கூறுகிறது (3). அதனால் வெண்கண்டல் மரத்தின் வேர்கள் ‘சேற்றுக்கு மேலே ஆணி போல’ நீட்டிக்கொண்டு மூச்சு விடுகின்றன (4). நீந்தும்போது நாம் மூக்கைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொள்வது போல. சுரபுன்னையின் வேர்கள் வளைந்து ஊன்றி, மரம் சாயாமல் பிடித்துக்கொள்கின்றன (5). மீன் குஞ்சு, இறால், நண்டு எல்லாம் இந்த வேர்களுக்கு நடுவில் வளர்கின்றன (6). சுனாமி வந்தபோது காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைவாக இருந்தது (7). வேர்கள் அலையின் வேகத்தைக் குறைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.”

மூக்கு வரி முழுக்க அவளுடையது. அந்த ஒரு வரியைப் படித்தாலே அவளுக்குப் புரிந்திருக்கிறது என்று தெரிகிறது. ‘சாயாமல்’ என்ற சொல் ஐந்தாம் வாக்கியத்தில் இல்லை, கறாராகப் பார்த்தால் அதற்கும் ‘நினைக்கிறேன்’ போட வேண்டும். விட்டுவிட்டேன். ஒரு நாளைக்கு ஒரு சண்டை போதும்.

எட்டாம் வாக்கியத்தை அவள் தொடவே இல்லை என்பதையும் பாருங்கள். “எட்டை எழுதலையே, மார்க் போயிடுமா?” என்று கேட்டாள். வேருக்கும் ராம்சர் பட்டியலுக்கும் இந்தக் கேள்வியில் சம்பந்தம் இல்லை. எதை விடுவது என்று தெரிவதும் இதில் ஒரு படிப்புதான்.

பத்தியை அப்படியே பார்த்து எழுதிவிடுகிறான். என்ன செய்வது?

எல்லாப் பிள்ளையும் செய்யும். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதத்தானே நாம் நாலு வருடமாகப் பழக்கியிருக்கிறோம்! நானே அந்தக் காலத்தில் கரும்பலகையில் ஒரு கட்டுரை எழுதிப் போட்டு, வகுப்பு முழுக்க ஒரே கட்டுரையை நோட்டில் வாங்கி, எல்லாவற்றுக்கும் ‘நன்று’ போட்டவள்தான். நான் எழுதியதற்கு நானே மார்க் போட்டுக்கொண்டிருந்தேன் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

இப்போது செய்வது இது. படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுப் பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் சொல்ல வேண்டும். சொல்லி முடித்த பிறகுதான் பென்சில். எழுதி முடித்த பிறகு புத்தகத்தைத் திறந்து எண் போட வேண்டும். மூடிய புத்தகத்தைப் பார்த்து எழுத முடியாது, அவ்வளவுதான் சூட்சுமம்.

அப்படியே எடுக்க வேண்டிய இடமும் உண்டு. ‘ஆணி போல’ மாதிரி ஒரு சொல் அழகாகவோ துல்லியமாகவோ இருந்தால் மேற்கோள்குறிக்குள் எடுக்கலாம். ஐந்தாறு சொல்லுக்கு மேல் வேண்டாம். வருடம், எண்ணிக்கை, பெயர் இவற்றை மாற்றவே கூடாது. ஒரு பையன் ‘சொந்த வார்த்தையில் எழுது’ என்றதற்காக 1,100-ஐ ‘ஆயிரத்துக்கும் கீழே’ என்று மாற்றியிருந்தான்.

சொந்த வார்த்தையில் எழுதச் சொன்னால் பேச்சுத் தமிழில் எழுதுகிறாள். திருத்தலாமா?

இது தமிழுக்கே உள்ள சங்கடம். பத்தி எழுத்துத் தமிழில் இருக்கிறது, பிள்ளையின் சொந்த வார்த்தை என்பது கடலூர்ப் பேச்சு. “சேத்துல காத்து இல்லாததால வேரு மேல வந்து மூச்சு வுடுது” என்று எழுதினால், அதில் தகவல் சரி, காரணம் சரி, வரிசை சரி. அதன் மேல் சிவப்பு மையை ஊற்றினால் அடுத்த முறை அவள் பார்த்து எழுதத்தான் போவாள். பார்த்து எழுதினால் பிழை வராது என்று நாமே கற்றுக்கொடுத்ததாக ஆகிவிடும்.

முதல் தாளில் எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும். இரண்டாம் தாளில் வாலை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ‘வுடுது’ என்பது ‘விடுகிறது’, ‘சேத்துல’ என்பது ‘சேற்றில்’. இதை ஒரு விளையாட்டாகச் செய்தால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், நாலு வரிக்கு இரண்டு நிமிடம். வாக்கியத்தின் தலையையும் உடம்பையும் தொடாதீர்கள். ‘பொங்கும் கடலின் புன்னகையென’ என்று நாம் அலங்காரம் செய்துவிட்டால் அது நம் கட்டுரை.

எழுதத் தொடங்க என்ன வாக்கியங்கள் கொடுக்கலாம்?

தமிழில் ஆள் சொன்னது, நூல் சொன்னது எல்லாம் ‘என்று’ என்பதில்தான் வந்து விழும். அதனால் பிள்ளைக்கு இரண்டு மூன்று வால் கொடுத்தால் போதும்: ‘...என்று பத்தி கூறுகிறது’, ‘...எனப் பாடத்தில் உள்ளது’, ‘...என்பதிலிருந்து தெரிகிறது’. யோசித்ததற்கு ‘...என்று நினைக்கிறேன்’. சார்ட் பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நம் பழைய உரையாசிரியர்கள் ஒரு பாட்டுக்குப் பொருள் சொல்லும்போது இன்னொரு பாட்டை எடுத்துக்காட்டி ‘என்றார் பிறரும்’ என்று முடிப்பார்கள். அதே வால்தான் இது.

எல்லா வரிக்கும் ‘பத்தி கூறுகிறது’ போட வேண்டியதில்லை. மூன்று வரிக்கு ஒன்று போதும். இல்லாவிட்டால் சாமியாடி குறி சொல்வது போல ஆகிவிடும்.

‘ரேஸ்’ முறை என்று யூடியூபில் பார்த்தேன். அது நல்லதா?

கேள்வியையே திருப்பிப் பதிலின் தொடக்கமாக எழுது, பதில் சொல், ஆதாரம் காட்டு, விளக்கு. இந்த நான்குக்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தான் ‘ரேஸ்’. கெட்டது இல்லை. திணறும் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. மேலே காட்டிய கட்டுரையிலும் நாலும் இருக்கின்றன பாருங்கள்.

என் அனுபவத்தில் முதல் மூன்றை மாதம் ஒன்றில் பழக்கிவிடலாம். நாலாவதுதான் வராது. ஆதாரத்தை எழுதிவிட்டு அதையே வேறு சொல்லில் மறுபடி எழுதி வைப்பார்கள். “அப்படின்னா என்ன? எது மாதிரி?” என்று கேட்டுப் பாருங்கள். மூக்கு வரி அப்படிக் கேட்டு வந்ததுதான்.

முன்னுரை, பொருளுரை, முடிவுரை கட்டாயமா?

பரீட்சையில் கேட்டால் போடட்டும். ஆனால் ‘முன்னுரை’ என்று தலைப்பிட்டு, ‘மனிதனாய்ப் பிறந்த ஒவ்வொருவரும்’ என்று இழுத்து, கடைசியில் ‘மரம் வளர்ப்போம் மழை பெறுவோம்’ என்று முடிப்பதைப் பத்து வயதுக்குள் பழக்க வேண்டாம். முதல் வரி கேள்விக்கு நேரான பதிலாக இருக்கட்டும். சொல்ல வேண்டியது தீர்ந்ததும் நிறுத்தட்டும். முடிவுரை இல்லாததற்காக அரை மார்க் போனால் போகட்டும்.

ஆயா சொன்னதை ஆதாரமாக எழுதலாமா?

பண்ருட்டிப் பக்கம் சொந்தமுள்ள பையன் ஒருவன், தானே புயலைப் பற்றிய பத்திக்குக் கட்டுரை எழுதினான். 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரையைக் கடந்த புயல். பத்தியில் ‘முந்திரி, பலா மரங்கள் பெருமளவில் சாய்ந்தன’ என்று இருந்தது. அவன் அதோடு நிற்கவில்லை. “எங்க ஆயா வீட்டுப் பலா மரம் வேரோட வந்துடுச்சு, காலையில பாத்தா தோப்புல வெளிச்சம் வந்துடுச்சுன்னு ஆயா சொன்னாங்க” என்று எழுதியிருந்தான்.

தோப்பில் வெளிச்சம் வந்ததை எந்தப் பத்தியும் சொல்லாது. எழுதலாம், தாராளமாக. ஒரே நிபந்தனை: பத்தி சொன்னதைப் பத்தி என்றும் ஆயா சொன்னதை ஆயா என்றும் பிரித்து எழுத வேண்டும். ‘என் ஆயா கூறினார்’ என்று போட்டால் அதுவும் முறையான ஆதாரம்தான், நேரில் பார்த்தவர் வாக்கு. பள்ளியில் ‘பத்தியிலிருந்து மட்டும்’ என்று கேட்டிருந்தால் ஆயாவை வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும்.

இரண்டு புத்தகத்தில் இரண்டு விதமாகப் போட்டிருக்கிறது. எதை எழுதுவது?

புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி வரும். ஒன்றில் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது 1954 நவம்பர் 1 என்று இருக்கும். இன்னொன்றில் 1962 ஆகஸ்ட் 16. பிள்ளை ஒன்றை அடித்துவிட்டு மற்றதை எழுதும். அல்லது அப்பாவைக் கேட்கும், அப்பா ‘மிஸ்ஸைக் கேள்’ என்பார்.

இரண்டும் சரி. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள், 170 பேர் இந்தியாவோடு இணையச் சம்மதித்தார்கள். அதன் பிறகு நவம்பர் 1-இல் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்துச் சட்டப்படி முடிந்தது 1962-இல். வீடு வாங்குவது போலச் சொல்லுங்கள்: சாவியைக் கொடுத்தது ஒரு நாள், பத்திரம் பதிந்தது இன்னொரு நாள்.

இரண்டு நூல் முரண்பட்டால் முதலில் ‘இரண்டும் ஒரே விஷயத்தையா சொல்லுது?’ என்று பார்க்க வேண்டும். பாதி முரண்பாடு அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் ‘ஒரு நூல் இப்படிக் கூறுகிறது, மற்றது அப்படிக் கூறுகிறது’ என்று இரண்டையும் எழுதட்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது தாராளமாக வரும். பெரியவர்கள்தான் ஒன்றை அடித்தே தீர வேண்டும் என்று நிற்கிறோம்.

பிள்ளை ஆங்கில வழியில் படிக்கிறாள். தமிழில் இதைப் பழகி என்ன பயன்?

புதுச்சேரி அரசுப் பள்ளிகளே சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்ட பிறகு இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. தேடுவது, எண் போடுவது, யோசித்ததைப் பிரிப்பது இதற்கெல்லாம் மொழி கிடையாது. எந்த மொழியில் நன்றாகப் பேசுகிறாளோ அதில் முதலில் பழகினால் சீக்கிரம் வரும். வாக்கியம் மட்டும் தலைகீழ். தமிழில் ‘என்று பத்தி கூறுகிறது’ கடைசியில் வரும், ஆங்கிலத்தில் ‘அக்கார்டிங் டு த பாசேஜ்’ முதலில் வந்து நிற்கும். இதைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் தமிழிலும் ‘பத்தியின்படி, பத்தியின்படி’ என்று ஒவ்வொரு வரியையும் தொடங்குவார்கள். கேட்க அலுப்பாக இருக்கும்.

செல்போனில் தேடி எழுதலாமா?

தொடக்கப்பள்ளியில் வேண்டாம் என்பேன். தேடினால் நூறு பதில் வரும், எது யார் சொன்னது என்று நமக்கே குழப்பம். முதலில் கையில் பிடித்த ஒரு தாளில் விரல் வைக்கப் பழகட்டும்.

படிக்கக் கொடுக்க நல்ல பத்திகளுக்கு எங்கே போவது?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ‘ஊஞ்சல்’ இதழ் வரும், வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்கள் இருக்கும். பீரோவில் பூட்டி வைத்திருந்தால் சாவி கேளுங்கள். சூழ்நிலையியல், அறிவியல் பாடங்களே தகவல் பத்திகள்தான், தமிழ் வகுப்பில் எடுத்துப் பயன்படுத்த யாரும் தடை சொல்ல மாட்டார்கள். கடலூரில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. புதுச்சேரியில் 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது.

அதுவும் இல்லையா, வீட்டில் இருக்கும் பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம் போதும். ‘இந்த பிஸ்கட்டில் என்ன இருக்கிறது?’ என்று நாலு வரி எழுதச் சொல்லுங்கள். சர்க்கரை எத்தனை கிராம் என்று ஆதாரத்தோடு எழுதிக் கொண்டுவந்த ஒரு பையன், அதை அவன் அம்மாவிடம் காட்டியதை இன்றுவரை நினைத்து வருந்துகிறான்.

நீங்களே எழுதுவதானால் எட்டு வாக்கியம் போதும். அதில் ஒன்றாவது கேள்விக்குச் சம்பந்தமில்லாததாக இருக்கட்டும்.

வகுப்பில் 40 பிள்ளைகள். ஒவ்வொரு கட்டுரையையும் இப்படித் திருத்த நேரம் ஏது?

முழுக்கத் திருத்தாதீர்கள். நோட்டை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒருவர் எழுதியதில் இன்னொருவர் எண்களைச் சரிபார்க்கட்டும். இருக்கிற எண் சரியா, எண் இல்லாத வரி எது. பிள்ளைகள் இதில் இன்ஸ்பெக்டர் மாதிரி கறாராக இருப்பார்கள். அப்புறம் நீங்கள் ஒருவருக்கு ஒரு வரி மட்டும் பாருங்கள், ‘அப்படின்னா என்ன?’ வரி. எழுத்துப்பிழையை வேறொரு நாள் பார்க்கலாம். ர, ற தகராறு பிச்சாவரத்தோடு முடியப்போவதில்லை.

என் பையன் பேசுவான், எழுதவே மாட்டேன் என்கிறான்.

அவன் பேசட்டும், நீங்கள் எழுதுங்கள். அவன் சொன்ன சொல்லை மாற்றாமல். எண் மட்டும் அவன் போடட்டும். நாலைந்து முறை ஆனதும் “கொடும்மா, நீ தப்பா எழுதுற” என்று பிடுங்கிக்கொள்வான்.

இதைப் பழகிய பிறகு வீட்டில் எதைச் சொன்னாலும் ‘எதுல போட்டிருக்கு?’ என்று கேட்கிறாள். மாமியாரிடமும் கேட்டுவிட்டாள். என்ன செய்வது?

இந்தப் புகார் வாரம் ஒன்று வருகிறது. ‘எதுல போட்டிருக்கு ஆயா, எனக்கும் காட்டுங்க’ என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள். அந்த ‘ங்க’ வந்தால் பாதிச் சண்டை குறையும்.

என்னிடமும் கேட்டார்கள். வடலூரைப் பற்றிப் பேசும்போது, வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு 1865-லிருந்து அணையாமல் எரிகிறது என்று சொல்லிவிட்டேன். பின்வரிசையிலிருந்து ஆதார் கார்டுப் பையன், “எதுல போட்டிருக்கு டீச்சர்?” என்றான். எனக்குத் தெரியும்டா என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். மறுநாள் நூலகத்தில் எடுத்துப் பார்த்தால் 1865 அவர் சங்கம் தொடங்கிய வருடம். தருமச்சாலை தொடங்கி அடுப்பு மூட்டியது 1867 மே 23. சாயங்காலம் புத்தகத்தைக் கொண்டுபோய் அந்த வரியில் விரல் வைத்துக் காட்டினேன். அவன் பார்த்துவிட்டு நோட்டில் ஓரத்தில் பக்க எண்ணை எழுதிக்கொண்டான்.